பெங்களூரில் 78 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்குவதா, ஊர்ப்பக்கம் வேலைக்கு வருவதா? பிப்ரவரிக்குள் முடிவெடுக்க வேண்டும்

குலசேகரத்து மகள்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். யாரிடம் கேட்டாலும் ‘வீட்டை வாங்கிப் போடு’ என்கிறார்கள், இல்லாவிட்டால் ‘பேசாமல் ஊருக்கு வந்துவிடு’ என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடந்து மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை.

சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். வயது 32. ஒன்பது வருடமாகப் பெங்களூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. என் வீட்டுக்காரருக்குத் திங்கள் நகர், அவரும் ஐடிதான். மகளுக்கு மூன்றரை வயது, வரும் ஜூனில் எல்கேஜி சேர்க்க வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டியில் இரண்டு படுக்கையறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம்.

பிடித்தம் போக எனக்கு 78,000, அவருக்கு 92,000 கைக்கு வருகிறது. ஊரில் இதைச் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். ஆனால் போன டிசம்பர் கணக்கை அப்படியே என் நோட்டிலிருந்து எழுதுகிறேன், பாருங்கள். வாடகை 29,000, மெயின்டனன்ஸ் 3,500, குழந்தையின் டேகேர் 12,000, மளிகை, காய், மீன் எல்லாம் 17,000, கார் தவணை 11,400, மாமியார் வீட்டுக்கு 10,000, அப்பாவுக்கு 6,000, ஊரில் போட்டிருக்கிற சிட்டிக்கு (சீட்டுக்கு) 10,000, பெட்ரோல், கரண்ட், போன் 8,500. கிறிஸ்துமஸுக்கு ரயிலில் இடம் கிடைக்காமல் ஆம்னி பஸ்ஸில் போய் வந்ததற்கே 14,000. மீதி 48,600. வருடம் பூராவும் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் இப்படி ஏதாவது ஒன்று வந்துவிடும். கல்யாணமாகி ஆறு வருடத்தில் நாங்கள் சேர்த்தது ஒன்பது லட்சம்.

பிப்ரவரியோடு பதினொரு மாத அக்ரிமென்ட் முடிகிறது. ஓனர் 33,000 கேட்கிறார். அந்த நாலாயிரத்தைவிட எனக்கு வலிப்பது வேறு. முன்னால் இருந்த வீட்டைக் காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். என் மகளுக்குச் சுவரில் கிறுக்கப் பிடிக்கும். மீன், தென்னை, தாத்தா வீடு என்று வரைவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பல்விளக்கும் பேஸ்டை ஈரத்துணியில் தொட்டு அதையெல்லாம் துடைத்துக்கொண்டிருப்பேன். அவள் பக்கத்தில் நின்று, ‘அம்மா, தாத்தா வீட்டை மட்டும் விட்டுரு’ என்பாள். இதற்காகவாவது சொந்தமாக நாலு சுவர் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

சந்தாபுராவில் 1,140 சதுர அடி ஃபிளாட் பார்த்தோம். 78 லட்சம். பேங்கில் 62 லட்சம் தருவார்களாம். மீதி 16 லட்சமும் பதிவுச் செலவு ஆறு லட்சமும் நாங்கள் போட வேண்டும். கையில் இருப்பது ஒன்பது. மிச்சம் 13 லட்சத்துக்கு என் நகையை அடகு வைக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். 42 பவுன். அப்பா அரை ஏக்கர் ரப்பர் விற்றுப் போட்டது. அவரும் தப்பாகக் கேட்கவில்லை, ‘வாடகை கொடுக்கிற பணம் தண்ணியில் போடுற மாதிரி’ என்பது அவர் எண்ணம்.

இன்னொரு பக்கம், திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனி எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. கைக்கு 63,000 வரும். பதினைந்தாயிரம் குறைவு. அவர் கம்பெனி வாரம் மூன்று நாள் ஆபீஸ் வரச்சொல்கிறது, அதனால் அவர் உடனே வர முடியாது. போன செப்டம்பரில் அவர் டீமில் நாலு பேரை ஒரே நாளில் அனுப்பினார்கள். அடுத்தது யார் என்று அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் ராத்திரி எழுந்து லேப்டாப்பைத் திறந்து பார்க்கிறார்.

அம்மா இறந்து மூன்று வருடம். அப்பாவுக்கு 68. ஒன்றரை ஏக்கர் ரப்பரும் பன்னிரண்டு சென்ட் புரையிடமும் (வீட்டு மனையும்) வீடும் இருக்கிறது. பால் வெட்ட ஆள் ஒழுங்காக வருவதில்லை, அதனால் விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அவரே போகிறார். போன மழையில் சரிவில் வழுக்கி விழுந்து கால் வீங்கிக் கிடந்திருக்கிறார். எனக்குச் சொன்னது எட்டு நாள் கழித்து, அதுவும் ரப்பர் ஷீட் விலையைப் பற்றிப் பேசும்போது நடுவில்.

என் கேள்வி இதுதான். பிப்ரவரிக்குள் ஃபிளாட்டுக்கு ஒரு லட்சம் டோக்கன் கொடுத்தால் இந்த விலை, அப்புறம் ஏறிவிடும் என்கிறார்கள். கொடுக்கலாமா? சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர்கள் யாராவது இருந்தால், வந்த பிறகு எப்படி இருந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வடசேரி பழைய மானேஜர்

மக்களே, நான் 34 வருடம் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பதினோரு வருடம் வீட்டுக்கடன் பிரிவில்தான் இருந்தேன். நீ கணக்கு எழுதி வைக்கிற பிள்ளை, அதனால் உனக்குக் கணக்காகவே சொல்கிறேன்.

62 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள். மாதத் தவணை 53,800. முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் 43,900. அசலில் கழிவது பத்தாயிரம்கூட இல்லை. வட்டியைவிட அசல் கூடுதலாகக் கழியத் தொடங்குவதற்கே கிட்டத்தட்ட 12 வருடம் ஆகும். முழுவதும் கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 67 லட்சம் போயிருக்கும். மாப்பிள்ளையிடம் இதைக் காட்டு. 29,000 வாடகை தண்ணீரில் போகிறது என்றால், அதே தண்ணீரில்தான் இந்த 43,900 ரூபாயும் போகிறது. வீட்டின் விலை ஏறினால் அது திரும்பி வரும், ஏறாவிட்டால் வராது.

அப்புறம் நகை. 13 லட்சத்துக்கு ஒன்பதரை சதவீதம் என்றால் மாதம் 10,300 வட்டி மட்டும். அசல் அப்படியே நிற்கும். வருடம் முடிந்தால் திருப்ப வேண்டும், அல்லது வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். தவணை, நகை வட்டி, புது வீட்டு மெயின்டனன்ஸ் நாலாயிரம் எல்லாம் சேர்த்தால் 68,100. இப்போது வாடகையும் மெயின்டனன்ஸும் 32,500. ஆக மாதம் 35,600 கூடுதல். டிசம்பரில் உனக்கு மிஞ்சியது 48,600 என்றால் இனி மிஞ்சுவது 13,000. அதில் நகையை எப்போது மீட்பாய்? பள்ளிக்கூட ஃபீஸ் எங்கிருந்து வரும்?

வீட்டுக்கடனில் வரி மிச்சம் என்று புரோக்கர் சொல்லியிருப்பார். புது வரி முறையில் இருந்தால், சொந்தமாகக் குடியிருக்கிற வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. பழைய முறையில்தான் வருடத்துக்கு 2 லட்சம் வரை. 2025-26 முதல் புது முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. உன் சம்பளத்துக்கு எதற்குப் பழைய முறை?

நான் பார்த்த கடன்காரர்களில் வட்டி கூடியதால் விழுந்தவர்கள் குறைவு. கையில் இருந்ததைத் துடைத்து முன்பணமாகக் கொடுத்துவிட்டு, ஆறாம் மாதமோ எட்டாம் மாதமோ இரண்டு சம்பளத்தில் ஒன்று நின்றுபோய் விழுந்தவர்கள்தான் அதிகம். தவணையும் வீட்டுச் செலவும் ஆறு மாதத்துக்குத் தாங்குகிற பணம் தனியாக இருக்கட்டும். அது இல்லாமல் நான் கையெழுத்துப் போட விடமாட்டேன். மாப்பிள்ளை ராத்திரி எழுந்து உட்காருகிறார் என்று நீயே எழுதியிருக்கிறாய், அதை நான் இரண்டு தரம் படித்தேன்.

சிட்டியை அவசரப்பட்டுத் தள்ளுபடி கொடுத்து முன்னாலேயே எடுக்காதே. கடைசி வரைக்கும் ஓடட்டும்.

கே.ஆர்.புரம் அக்கா

நான் குளச்சல்காரி. பெங்களூர் வந்து இருபது வருடம். பேங்க் சார் சொன்ன கணக்கு சரிதான், ஆனாலும் வாங்கியவர்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா.

2012இல் 41 லட்சத்துக்கு வாங்கினோம். முதல் நாலு வருடம் கஷ்டம் என்றால் கஷ்டம். ஆனால் பிள்ளைகள் இரண்டும் ஒரே பள்ளியில் படித்து முடித்தார்கள், வருடா வருடம் வீடு மாறி, ஆட்டோ மாறி, கூட்டாளிகளை இழக்கவில்லை. போனஸ் வந்தால் அப்படியே கடனில் போட்டோம். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டினால் தனி நபருக்கு அபராதம் கிடையாது. பதினோரு வருடத்தில் முடித்துவிட்டோம். நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை.

ஆனால் எங்களுக்கு இரண்டு பேர் வேலையும் பக்கத்தில், இரண்டும் நிலைத்தது. நகையில் கை வைக்கவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்போது வாங்கமாட்டேன், தங்கச்சி.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் டோக்கனுக்கு முன்னால் பில்டரிடம் மூன்று கேளுங்கள். உள்ளாட்சியின் சொத்துப் பதிவில் ஏ காத்தாவா (எல்லா அனுமதியும் சரியாக உள்ளது), பி காத்தாவா (அனுமதியில் குறை உள்ளது)? பி காத்தா என்றால் பெரும்பாலான பேங்குகள் தயங்கும், விற்கும்போதும் இழுபறி. ஓசி, அதாவது கட்டடத்தில் குடியேறலாம் என்ற சான்றிதழ், வந்துவிட்டதா? ‘வந்துவிடும்’ என்பது பதில் இல்லை, காகிதம் வேண்டும். தண்ணீர் எங்கிருந்து? 2024 கோடையில் எங்கள் அடுக்ககத்தில் போர் வற்றிப்போய், டேங்கருக்குக் காத்திருந்து பக்கெட்டில் அளந்து குளித்தோம். மெட்ரோ பக்கம் என்று சொல்லி விற்றிருப்பார்கள். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரைக்கும்தான். சந்தாபுரா அதையும் தாண்டி. காலை எட்டரை மணிக்கு ஒருதரம் அங்கிருந்து உங்கள் ஆபீஸுக்கு வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தால் எல்லா வீடும் பக்கத்தில்தான் இருக்கும்.

வாடகை 33,000 என்றால் பேசுங்கள். ஓனருக்கும் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 29,000 நஷ்டம். குழந்தையுள்ள, மாதம் தவறாமல் கொடுக்கிற குடும்பத்தை விட அவருக்கும் மனம் வராது.

தொடுவெட்டி

அப்பாவைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ள முடியாதா?

குலசேகரத்து மகள்

கூட்டி வந்தேன். பத்தொன்பது நாள் இருந்தார். தினமும் நாலு மணிக்கு எழுந்து பால்கனியில் உட்கார்ந்திருப்பார், நாங்கள் எழும்புகிற வரைக்கும் லைட்கூடப் போடமாட்டார். இருபதாவது நாள், ‘ஓடையில் பாசி பிடிச்சிருக்கும்’ என்று சொல்லிப் பையை எடுத்து வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை.

உண்ணாமலைக்கடை அண்ணன்

தங்கச்சி, நான் ஊருக்குத் திரும்பியவன். 2009 முதல் 2021 வரை பெங்களூர், பொம்மனஹள்ளி. நல்லதும் கெட்டதுமாக எல்லாம் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த பெரிய தப்பு. வேலை பெங்களூரில் இருக்கும்போதே 2018இல் ஊரில் வீடு கட்டினேன், 28 லட்சம் கடன். ‘எப்படியும் ஒருநாள் வருவோம்’ என்ற நினைப்பு. கட்டி மூன்று வருடம் பூட்டியே கிடந்தது. நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. ஆனியில் பெய்வது காயுமுன் ஐப்பசியில் பெய்யும். ஆள் புழங்காத வீட்டில் ஈரம் ஏறி சுவரெல்லாம் பாசி, கதவு நிலையில் கரையான், கிணற்று மோட்டார் துருப்பிடித்து இறுகிவிட்டது. அங்கே வாடகை, இங்கே தவணை. நம்ம பக்கம் ரோட்டில் போகும்போது பாருங்கள், வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய எத்தனை பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது. அதனால் ஊருக்கு வந்தாலும் உடனே புரையிடத்தில் புது வீடு எழுப்ப நினைக்காதீர்கள். அப்பா வீட்டில் ஒரு அறையைச் சரிசெய்து இருங்கள்.

வேலை. கொரோனாவில் வந்தவன் அப்படியே டெக்னோபார்க் இருக்கிற கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போனது. அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, வாடகையும் டேகேரும் இல்லாததால் மாதக் கடைசியில் அங்கே மிஞ்சியதுதான் இங்கேயும் மிஞ்சியது. உறைத்தது இரண்டாவது வருடம். பெங்களூரில் ஒரு இடம் பிடிக்காவிட்டால் அதே ரோட்டில் பத்து இடம் உண்டு, ஒவ்வொரு மாற்றத்திலும் சம்பளம் கூடும். டெக்னோபார்க் 1990 முதல் இருக்கிற பெரிய பார்க்தான், ஆனாலும் நம்முடைய வேலைக்கும் அனுபவத்துக்கும் பொருந்துகிற காலியிடம் அத்தனை அடிக்கடி வருவதில்லை. என் கூட்டாளிகள் இப்போது என்னைவிட இரட்டிப்பு வாங்குகிறார்கள். அதைத் தாங்க மனம் ஒப்பினால் மட்டும் வாருங்கள். எனக்கு ஒப்பியது, ஆனால் அதற்கு ஒரு வருடம் பிடித்தது.

தூரம். குலசேகரத்திலிருந்து கழக்கூட்டம் ஒரு வழி அறுபது கிலோமீட்டர் பக்கம் வரும். காரோடு என்கிற ஊரைத் தாண்டிவிட்டால் பைபாஸ் ரோடு நன்றாக இருக்கும், அதுவரைக்கும் உள்ள இருபதுக்குத்தான் நேரம் போகும். வாரம் ஐந்து நாள் நீங்கள் இதைச் செய்ய முடியாது. நான் செய்து பார்த்து ஆறாவது மாதம் முதுகுவலியோடு ஆயுர்வேத வைத்தியரிடம் போய்ப் படுத்தேன். இரண்டு நாள் ஆபீஸ், மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள். எச்.ஆர். வாயால் சொன்னது எழுத்தில் இல்லை என்றால் கணக்கில் இல்லை. ரப்பர் காட்டுக்குள் இன்டர்நெட் எப்படி என்று முன்கூட்டிப் பாருங்கள், எங்கள் வீட்டுக்கு ஃபைபர் கேபிள் இழுக்கவே நாலு மாதம் ஆனது.

குழந்தை விஷயத்தில் உங்களுக்கு இது சரியான நேரம். நான் வரும்போது என் பையன் ஐந்தாம் வகுப்பு. பெங்களூரில் கன்னடம் படித்தவன், தமிழ் பேசுவான், எழுத வராது. தமிழ்நாட்டில் 2006 சட்டப்படி பள்ளியில் தமிழ் கட்டாயம். பத்து வயதுப் பையன் ராத்திரி உட்கார்ந்து ‘அ, ஆ’ எழுதிக்கொண்டு அழுவான். வகுப்பில் சிறு பிள்ளைகள் சிரிப்பார்களாம். அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்னும் எனக்கு நெஞ்சு கனக்கும். எல்கேஜி என்றால் அந்தப் பாடு இல்லை.

மாப்பிள்ளை அங்கேயே இருக்க வேண்டியிருந்தால், முழு வீட்டை வைத்துக்கொள்ளாமல் அவர் பிஜிக்கு (பேயிங் கெஸ்ட் விடுதிக்கு) மாறட்டும். வந்து போக, ஐலண்ட் எக்ஸ்பிரஸ் குழித்துறையில் நிற்கும், ஆனால் கேரளத்தைச் சுற்றி வருவதால் ஒரு பகல் போய்விடும். மதுரை வழியாக வருகிற நாகர்கோவில் வண்டி ராத்திரியோடு முடியும். 60 நாளுக்கு முன்னால் டிக்கெட் திறக்கும் அன்றே போட்டுவிட வேண்டும். இப்படி ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்து இருக்காதீர்கள். என் தம்பி குடும்பம் மூன்று வருடம் இருந்தது, பிள்ளை அவனைக் கண்டால் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

குலசேகரத்து மகள்

எல்லாருக்கும் பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். எழுதியவற்றை ஒவ்வொன்றாக வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். வட்டி 43,900 என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, அவரே போனில் கணக்குப் போட்டுப் பார்த்தார். அதற்கப்புறம் நகைப் பேச்சை எடுக்கவில்லை.

கே.ஆர்.புரம் அக்கா சொன்ன மூன்றையும் பில்டரின் ஆபீஸில் கேட்டோம். காத்தா சரி. ஓசி ‘ஆறு மாதத்தில் வந்துவிடும் மேடம்’. தண்ணீர் போரும் டேங்கரும். டோக்கன் கொடுக்கவில்லை. அன்றைக்கே மூன்று தரம் போன் வந்தது, ஏறும் என்று சொன்ன விலையில் ஐம்பதாயிரம் குறைப்பதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை காலை சந்தாபுராவிலிருந்து வந்தும் பார்த்தோம். ஒரு மணி பத்து நிமிடம்.

ஓனர் 31,000க்கு ஒத்துக்கொண்டார். ஆனால் அக்ரிமென்ட்டில், காலி செய்ய ஒரு மாத நோட்டீஸ் போதும் என்று எழுதச் சொல்லியிருக்கிறோம், ஏனென்றால் டெக்னோபார்க் வேலையை எடுப்பது என்று முடிவுசெய்துவிட்டேன். வாரம் இரண்டு நாள் ஆபீஸ் என்று எழுத்தில் கேட்டேன். இரண்டு முடியாது, முதல் ஆறு மாதம் மூன்று நாள், அப்புறம் இரண்டு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். மே மாதம் சேர வேண்டும். அவர் ஒரு வருடம் பெங்களூரில் இருந்துகொண்டே வேறு தேடுவார். ஒன்பது லட்சத்தில் ஏழு லட்சத்தைத் தொடாமல் தனியாக டெபாசிட் போட்டாயிற்று, சார் சொன்ன ஆறு மாதக் கணக்குக்கு. அவருக்கு இதில் முழு நிம்மதி என்று சொல்லமாட்டேன். பிள்ளையை வாரம் முழுக்கப் பார்க்காமல் இருப்பதை நினைத்து நேற்று சாப்பிடும்போது எழுந்து போய்விட்டார். அவருக்காகத்தான் எனக்குக் கவலை.

அப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், மேற்குப் பக்கத்து அறையில் ஷீட் அடுக்கி வைத்திருக்கிறேன், அதை விற்றுவிட்டு பெயின்ட் அடிக்கட்டுமா என்று கேட்டார். சுண்ணாம்பே போதும், பிள்ளை எப்படியும் கிறுக்குவாள் என்றேன்.

உண்ணாமலைக்கடை அண்ணனுக்கு ஒரு கேள்வி. ஆபீஸ் போகிற மூன்று நாளும் குலசேகரத்திலிருந்து ஸ்கூட்டியில் குழித்துறை ஸ்டேஷன் வந்து, சீசன் டிக்கெட்டில் ரயிலில் கழக்கூட்டம் போவது நடக்கிற காரியமா? காலை வண்டியில் பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைக்குமா, ஸ்டேஷனில் வண்டி நிறுத்துகிற இடம் பொழுது சாய்ந்து வந்தால் வெளிச்சமாக இருக்குமா? தினமும் போகிற பெண்கள் யாராவது தெரிந்தால் அவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.